உறையூர்ச் சாயத் தொட்டியும் துவாக்குடி ஷெட்டும்

சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1965 முதல் 1969 வரை திருச்சி உறையூரில் அகழாய்வு நடத்தியபோது செங்கல்லால் கட்டிய சாயத் தொட்டி ஒன்று வெளிப்பட்டது. சோழர் தலைநகரில் துணிக்குச் சாயம் ஏற்றியவர்கள் இருந்தார்கள் என்பதற்குக் கண்கண்ட சான்று. மேடை கிடைத்தால் திருச்சிக்காரர்கள் இன்றும் அதைச் சொல்லிப் பெருமைப்படுவார்கள். படட்டும். ஆனால் அந்தத் தொட்டி என்ன? வேலை நின்று, ஆட்கள் கலைந்து, மண் மூடிப்போன ஒரு பட்டறை. கீழடிக்கும் கொடுமணலுக்கும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறோமே, அங்கே நாம் பார்ப்பதில் பாதி இப்படி மூடிப்போன தொழிற்கூடங்கள்தான். கொடுமணலில் இரும்பு உருக்கிய உலையின் மிச்சத்தைப் படம் எடுக்காதவர் யார்?

அதே ஆள், திருச்சிப் பக்கம் துவாக்குடியில் பூட்டிக் கிடக்கும் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷெட்டையோ, கூரை இறங்கிய ஒரு பழைய ஆஸ்பத்திரியையோ படம் எடுக்கக் கேமராவோடு ஒருவர் கிளம்பினால் கேட்கும் கேள்வி: “அங்க என்னப்பா இருக்கு? பாம்பும் புதரும்தான் இருக்கும்.”

இந்தக் கேள்வி பல குரலில் வரும். வீட்டில் அம்மா கேட்பது ஒரு மாதிரி: வெள்ளிக்கிழமையும் அதுவுமா பாழடைஞ்ச எடத்துக்குப் போகணுமா? அதிகாரி கேட்பது வேறு: யாரு பர்மிஷன் குடுத்தது, விழுந்து செத்தா யாரு பொறுப்பு? படித்த நண்பர் கேட்பதுதான் இருப்பதிலேயே காரமானது: நாலு குடும்பத்தின் வயிற்றில் அடித்து மூடிய இடத்தை அழகழகாகப் படம் எடுத்து லைக் வாங்குவது உனக்கே அசிங்கமாக இல்லையா? அம்மாவைச் சமாதானம் செய்ய ஓர் எலுமிச்சம்பழத்தைப் பையில் போட்டுக்கொண்டால் போதும். மற்ற இரண்டு பேருக்கும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

முதலில் அந்த ‘அங்க என்ன இருக்கு’. இதன் அடியில் கிடப்பது ஒரு வயதுக் கணக்கு. இரண்டாயிரம் ஆண்டு ஆனால் தொல்லியல், நானூறு ஆண்டு ஆனால் கலை, நாற்பது ஆண்டு ஆனால் குப்பை. சட்டத்துக்கும் இந்தக் கணக்கு உண்டு. தொன்மைச் சின்னங்களுக்கான 1958-ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி ஒரு கட்டடம் குறைந்தது நூறு ஆண்டு இருந்திருக்க வேண்டும். நூறு ஆகும் வரை அதை யார் பார்த்துக்கொள்வது என்று சட்டம் சொல்லவில்லை.

கொள்ளிடம் பழைய இரும்புப் பாலத்தையே எடுத்துக்கொள்வோம். 1928-ல் கட்டியது. திருவானைக்கோவிலிலிருந்து நம்பர் ஒன் டோல்கேட் போக வேண்டிய பஸ், லாரி, மாட்டு வண்டி எல்லாம் பல தலைமுறையாக அதன் மேல்தான் போயின. 2016-ல் பக்கத்திலேயே புதுப் பாலம் வந்ததும் பழையதற்கு ஓய்வு. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் முதலில் தூண்களில் விரிசல் தெரிந்தது, பிறகு ஒவ்வொன்றாகச் சரிந்தன. நூறு வயதுக்கு இன்னும் பத்து ஆண்டு பாக்கி. அடுத்த சில நாளில், 22-ஆம் தேதி, 1830-களில் ஆர்தர் காட்டன் கட்டிய முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது.

அந்த வாரம் புதுப் பாலத்தின் கைப்பிடியோரம் செல்போனோடு நின்ற கூட்டத்தைப் பார்த்துப் பெரியவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். விழுவதைப் பார்க்க இத்தனை கூட்டமா என்று. எந்தத் தூண் முதலில் சாய்ந்தது, தண்ணீர் எந்தப் பக்கம் முட்டியது, மணல் போய் அடித்தளம் எவ்வளவு வெளியே நின்றது என்று ஒரு பொறியியல் மாணவர் இன்று தேடினால் அந்தக் கூட்டம் எடுத்த படங்கள் இல்லாமல் அவரால் நகர முடியாது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள்தாம்; ஆனால் அரசு அலுவலகத்தில் எந்தக் கோப்பும் செய்யாத வேலையைச் செய்துவிட்டுப் போனார்கள்.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கோ இதைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். நாயக்கர் காலத்தில் தொடங்கிப் பாதியில் நின்ற தெற்குக் கோபுரத்தை ‘மொட்டைக் கோபுரம்’ என்று கூப்பிட்டுக்கொண்டே தலைமுறை தலைமுறையாக அதன் அடியில் நடந்தவர்கள் அவர்கள். கட்டி முடிந்திருந்தால் முந்நூறு அடியை எட்டியிருக்கும் என்று 19-ஆம் நூற்றாண்டில் கட்டடக்கலை வரலாற்றாசிரியர் ஃபெர்குசன் கணக்குப் போட்டார். கடைசியில் 13 நிலைகளோடு 236 அடிக்கு எழுந்து 1987 மார்ச் 25-ல் குடமுழுக்கு கண்டது. ஆறாம் நிலைக்குப் பணம் கொடுத்தவர் இளையராஜா. அதற்குப் பிறகு பிறந்தவருக்கு அந்த மொட்டைக் கல்கட்டைக் காட்ட வேண்டுமானால் பழைய படங்களைத் தவிர வேறு வழி கிடையாது. அவற்றை எடுத்த நாளில் யாராவது நிச்சயம் கேட்டிருப்பார்கள், இவ்வளவு பெரிய கோயிலில் போயும் போயும் முடியாத கோபுரத்தையா எடுப்பது என்று.

படம் எடுப்பது வீண் செலவு என்ற பேச்சும் புதிதல்ல. லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரியைச் சென்னை மாகாண அரசு புகைப்படக்காரராக நியமித்தது. 1857-58-ல் ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று பெட்டி பெட்டியாகச் சாமான் ஏற்றிக்கொண்டு அலைந்தவர். காகித நெகட்டிவ், நம் ஊர் வெயிலில் அதைக் காப்பாற்றுவதே பெரும்பாடு. சில ஆண்டுக்குள் மேலிடத்துக்கு இது ஆடம்பரமாகப் பட்டது. கடையைக் கட்டச் சொல்லிவிட்டார்கள். துரைமார் கண்ணோட்டம் அந்தப் படங்களில் இல்லை என்று நான் சொல்லவில்லை, இருக்கிறது. ஆனாலும் அன்றைய திருச்சியைப் பற்றிப் பேச வரும் ஒவ்வொருவரும் போய் நிற்பது அந்த ஆல்பங்களின் முன்னால்தான்.

இப்போது படித்த நண்பருக்கு வருகிறேன். அவர் சொல்வதில் பாதி சரி. அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிலையம் 1988-ல் மூடியது. உடைந்த ஜன்னலும் உதிர்ந்த கூரையுமாக அது உலகம் முழுக்கப் படமாகப் பரவியது. அந்த ஊர்க்காரர்களுக்குக் கோபம் வந்தது: நாங்கள் இத்தனை பேர் இங்கே உயிரோடு இருக்கிறோம், உங்கள் படத்தில் ஓர் ஆளும் இல்லையே என்றார்கள். நியாயமான கோபம். 2018-ல் ஃபோர்டு கம்பெனி அந்த நிலையத்தை வாங்கி, புதுப்பித்து, 2024 ஜூனில் திறந்தது. ஊர் அதை மறக்காதபடி பார்த்துக்கொண்டதில் அந்தப் படங்களுக்கும் பங்கு உண்டு என்பது என் கணிப்பு. அதே ஃபோர்டு 2022-ல் மறைமலைநகர் ஆலையின் உற்பத்தியை நிறுத்தியது. அந்த அசெம்பிளி லைனில் வேலை பார்த்தவர்கள் கண்ணால் பார்த்த ஆலை நம்மிடம் எத்தனை படத்தில் இருக்கிறது? டெட்ராய்ட்டில் படம் அதிகமாகிவிட்டது என்று குறைப்பட்டவர்கள் உண்டு. நம் நோய் அதற்கு நேர் எதிரானது. அவர்களுக்கு எழுதிய மருந்தை நமக்கும் எழுதுகிறார் நண்பர்.

அழகுபடுத்துவதுதான் குற்றம் என்றால், அழகுபடுத்தாமலும் எடுக்கலாம். ஜெர்மனியின் பெர்ன்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் தம்பதி 1959-ல் தொடங்கிப் பல பத்தாண்டுகள் தண்ணீர்த் தொட்டி, ஊதுலை, சுரங்கக் கோபுரம் என்று எடுத்துத் தள்ளினார்கள். மேகம் மூடிய நாளாகப் பார்த்து, நேருக்கு நேர் நின்று, நிழலும் நாடகமும் இல்லாமல், எல்லாம் ஒரே அளவில். பாஸ்போர்ட் போட்டோ மாதிரி இருக்கும். அந்தப் படங்களில் பரிதாபமும் கிடையாது, மர்மமும் கிடையாது. எசன் நகரின் சோல்ஃபெரைன் சுரங்கம் 1986-ல் மூடி, 2001-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது என்றால், துருப்பிடித்த இரும்பையும் பார்க்கலாம் என்று அந்த நாட்டுக்குக் கண் பழகியிருந்ததும் ஒரு காரணம்.

நம்மூரில் கண்ணைப் பழக்குகிறவர்கள் யார் என்று பார்த்தால் எனக்கே வயிறு எரிகிறது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு டார்ச் அடித்துக்கொண்டு பழைய ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து, ‘மக்களே, ஏதோ சத்தம் கேக்குது’ என்று மூச்சு வாங்கும் பேய் வீடியோக்காரர்கள். நண்பர் இவர்களைத் திட்டட்டும், நானும் கூடச் சேர்ந்து திட்டுகிறேன். பகலில் போனால் அங்கே இருப்பது ஒரு பிரசவ வார்டு. அந்தத் தெருவில் பாதிப் பேர் அங்கே பிறந்திருப்பார்கள். அதைப் பேய் வீடாக்குவது அவர்களை அவமானப்படுத்துவது. ஆனால் கெட்ட படம் எடுப்பவர்களைக் காட்டி நல்ல படமும் வேண்டாம் என்பது என்ன வாதம்?

துவாக்குடியில் என்ன இருக்கிறது என்று இப்போது சொல்கிறேன். 1960-களில் பெல் நிறுவனம் திருச்சியில் உயர் அழுத்தக் கொதிகலன் ஆலையைத் தொடங்கிய பிறகு, அதன் ஜாப் ஆர்டரை நம்பி துவாக்குடி, அரியமங்கலம், மாத்தூர் பக்கமெல்லாம் நூற்றுக்கணக்கில் சிறு பட்டறைகள் முளைத்தன. டக்ட், ஹெட்டர், ஸ்ட்ரக்சர் என்று இந்தியாவின் அனல்மின் நிலையங்களுக்குப் போன இரும்பில் பெரும்பங்கு இந்த ஷெட்டுகளின் கிரேனில் தொங்கிப் போனது. 2012-13-க்குப் பிறகு புது அனல்மின் நிலைய ஆர்டர்கள் சுருங்கின. வேலை குறைந்தது, வங்கிக் கடன் ஏறியது, கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பல ஷெட்டுகளில் கிரேன் நின்றது.

அப்படி ஒரு ஷெட்டுக்குள் உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு போனேன். காவலுக்கு இருந்தவர் அங்கேயே வெல்டராக இருந்தவர். “பாத்து வாங்க சார், அந்தத் தகடு மேல கால வெச்சிராதீங்க, கீழ பள்ளம்” என்று முன்னால் நடந்தார். பிளேட் ரோலிங் மெஷினின் நெற்றியில் கடைசி ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. குங்குமம் மட்டும் பளிச்சென்று இருந்தது. மூலையில் கிடந்த ஒரு தடித்த பைப் துண்டைக் காலால் புரட்டி, வேட்டி நுனியால் துடைத்துக் காட்டினார். பற்றவைத்த வளையத்துக்குப் பக்கத்தில் பஞ்ச் அடித்த ஓர் எண். “இது நம்ம நம்பரு சார்.”

விஷயம் தெரியாதவர்களுக்காக: இந்தியக் கொதிகலன் விதிகளின்படி, அழுத்தம் தாங்க வேண்டிய பாகத்தைத் தேர்வில் பாஸாகிச் சான்று வாங்கிய வெல்டர்தான் பற்றவைக்க முடியும். எந்த ஜாயின்டை யார் போட்டார் என்று தெரிய அவருடைய எண்ணைப் பக்கத்திலேயே பதிப்பார்கள். பிறகு ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்கு எடுப்பது போல அந்த ஜாயின்டுக்கும் எக்ஸ்ரே எடுப்பார்கள். உள்ளே ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் பிலிமில் தெரிந்துவிடும். விதி அனுமதிக்கும் அளவை அது மீறினால் தோண்டி எடுத்துவிட்டு மறுபடி போட வேண்டும். அவர் காட்டிய துண்டில் பெயின்ட்டில் ‘ஓகே’ என்று இருந்தது. அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த மிடுக்கை என் கேமராவால் எடுக்க முடியவில்லை, எண்ணை எடுத்துக்கொண்டேன்.

ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்தில் பாயும் குதிரைகளைச் செதுக்கியவர் யார்? நமக்குத் தெரியாது. இந்த ஜாயின்டைப் போட்டவர் யாரென்று தெரியும். எண் இருக்கிறது, ஆள் இருக்கிறார், இன்னும் கொஞ்ச நாளுக்கு இரும்பும் இருக்கிறது. ஏலம் முடிந்ததும் அந்தத் துண்டு காயலான் கடைக்குக் கிலோ கணக்கில் போகும். அங்க என்ன இருக்கு என்று கேட்டவருக்கு என் பதில் அதுதான்: கையெழுத்து இருக்கிறது.

கம்பெனி ரெக்கார்டில் இதெல்லாம் இருக்காதா என்று கேட்கலாம். முப்பது பேர் வேலை பார்த்த ஷெட்டை மூடும்போது முதலில் வெளியே போவது பழைய பேப்பர்தான். பொன்மலையின் கதை வேறு. நாகப்பட்டினத்திலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்து 1928-ல் திறந்த ரயில்வே பணிமனை அது, இன்றும் ஓடுகிறது. நீலகிரி மலை ரயிலுக்குப் புது நீராவி இன்ஜினே செய்து கொடுத்தது. 1946 செப்டம்பர் 5-ல் போலீஸ் சுட்டு ஐந்து தொழிலாளர்கள் இறந்ததைச் சங்கத்திடலில் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறார்கள். திருச்சியில் 2014 முதல் ரயில்வேக்கு ஓர் அருங்காட்சியகமும் இருக்கிறது. பொன்மலைக்கு அரசு உண்டு, சங்கம் உண்டு. துவாக்குடி ஷெட்டுக்கு இருப்பது கேட்டில் ஒட்டிய வங்கி நோட்டீஸ் ஒன்றுதான்.

அடுத்து அதிகாரி. ஆபத்து என்கிறார். உண்மைதான். சுவர் ஏறிக் குதிப்பவருக்கும் பூட்டை உடைப்பவருக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. துப்பாக்கித் தொழிற்சாலைப் பக்கம் கேமராவைத் தூக்கினால் என்ன ஆகும் என்று திருச்சியில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் ஆபத்து என்று பூட்டிவிட்டு அவர் என்ன செய்கிறார்? ஒன்றும் செய்வதில்லை என்பதுதான் விவகாரம்.

பிரேசிலின் கோயானியா நகரில் இடம் மாறிப் போன ஒரு கதிர்வீச்சுச் சிகிச்சை நிலையம் பழைய கட்டடத்திலேயே ஒரு கருவியை விட்டுவிட்டுப் போனது. 1987-ல் இரண்டு பேர் அதை இரும்பு விலைக்கு விற்கக் கழற்றினார்கள். உள்ளே இருந்தது சீசியம்-137. இருட்டில் நீலமாக மின்னிய தூளைக் காயலான் கடைக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோனார், உறவுக்காரர்களுக்கும் கொடுத்தார். ஆறு வயதுச் சிறுமி உட்பட நான்கு பேர் இறந்தார்கள். நம் டெல்லியில், மாயாபுரி இரும்புச் சந்தையில், 2010-ல் ஒருவர் இறந்தார். பல்கலைக்கழகம் ஏலத்தில் விட்ட பழைய கருவிக்குள் கோபால்ட்-60 இருந்தது. இரண்டு இடத்திலும் யாரும் படம் எடுக்கப் போய்ச் சாகவில்லை. உள்ளே என்ன கிடக்கிறது என்று யாரும் பார்க்காததால் செத்தார்கள்.

ராணிப்பேட்டையில் 1990-களில் மூடிய தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல் குரோமியக் கழிவை விட்டுவிட்டுப் போனது. அங்கே நிலத்திலிருந்து ஊறும் மஞ்சள் நீரை ஊருக்குக் காட்டியது படங்கள்தான். கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் தோய்ந்த கண்ணாடிக் கழிவு, மூஞ்சிக்கல் காயலான் கடையில் குவிந்து கிடந்தது 2001 மார்ச்சில் எப்படி வெளியே வந்தது? ஊர்க்காரர்களும் சூழல் ஆர்வலர்களும் போய்ப் பார்த்ததால். பூட்டு ஆபத்தைத் தடுக்காது, மறைக்கும். அதிகாரிக்கு அக்கறை இருந்தால் ஹெல்மெட்டும் துணைக்கு ஓர் ஆளும் கொடுத்து உள்ளே விடலாம்.

ஆஸ்பத்திரி விஷயத்தில் மட்டும் படம் எடுப்பவர்கள் பக்கமும் நான் ஒரு கோடு போடுவேன். கைவிட்ட வார்டுகளில் கேஸ் ஷீட்டுகள் தரையில் கிடக்கும். பெயர், வயது, வியாதி எல்லாம் இருக்கும். எக்ஸ்ரே பிலிம்கள் பெரும்பாலும் இருக்காது, அதில் உள்ள வெள்ளிக்காகக் கழிவு வியாபாரிகள் வாங்கிப் போயிருப்பார்கள். மிச்சம் கிடக்கும் காகிதத்தை நெருங்கி எடுத்து, ஒரு பெண்ணின் பெயரையும் அவருக்கு வந்த வியாதியையும் ஊருக்குக் காட்டுபவரை என் கட்சியில் சேர்க்க மாட்டேன். வெல்டரின் எண் அவரே பெருமையோடு போட்டது. கேஸ் ஷீட் அப்படி இல்லை.

கட்டடத்தை எடுக்கலாம், எடுக்க வேண்டும். கோலார் தங்கவயலில் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடியது. ‘கே.ஜி.எஃப்.’ படத்தைப் பார்த்துவிட்டு அந்தச் சயனைடு மேடுகளில் செல்ஃபி எடுக்கப் போகிறவர்கள் உண்டு. அங்கே பாழாகிக் கிடந்த சுரங்க மருத்துவமனையைத் தேடிப் போகிறவர்கள் குறைவு. வட ஆற்காட்டிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் போன தமிழர்கள் மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு இறங்கி, பாறைத்தூளைச் சுவாசித்து, இருமிக்கொண்டு வந்து படுத்த இடம் அது. சிலிகோசிஸ் நோய் இந்தியாவில் முதன்முதலாகப் பதிவானதே கோலாரில், 1930-களில்தான். பேய்க்கும் அந்தக் கட்டடத்துக்கும் என்ன சம்பந்தம்? உலகத்திலேயே ஆழமான சுரங்கங்களில் ஒன்றைத் தோண்டியவர்களின் நுரையீரல் பரிசோதிக்கப்பட்ட கட்டடம் அது. அதை அழகாக எடுத்தாலும் சரி, அசிங்கமாக எடுத்தாலும் சரி, எடுக்காமல் விட்டால்தான் எனக்குக் கோபம்.

நிலம் வேண்டும், இடித்துவிட்டு உருப்படியாக ஏதாவது கட்டலாமே என்பவர்களிடம் எனக்குச் சண்டையே இல்லை. இடியுங்கள். எல்லா ஷெட்டையும் அருங்காட்சியகமாக்க இந்த ஊருக்குப் பணமும் இல்லை, தேவையும் இல்லை. நான் கேட்பது இடிக்கும் முன் இரண்டு நாள். தஞ்சாவூர் சாலையில் அந்த ஷெட்டுகளுக்குப் பக்கத்திலேயே என்.ஐ.டி. இருக்கிறது, அதில் கட்டடக்கலைத் துறையும் இருக்கிறது. டேப்பும் கேமராவுமாக மாணவர்கள் வந்து கிரேன் ஓடிய பாதையை அளக்கட்டும், மெஷின்களின் பெயர்ப் பலகையை எடுக்கட்டும், காவல்காரரை உட்கார வைத்து எந்த மூலையில் என்ன வேலை நடந்தது என்று கேட்டு எழுதட்டும். ஏலத்தில் எடுத்தவர் கேஸ் கட்டரோடு வந்து இறங்குவதற்குள் வர வேண்டும். பெரும்பாலும் திங்கட்கிழமை காலையிலேயே வந்துவிடுகிறார்கள்.